தலைவர் தெரிவித்த வருத்தம்

எனக்கு வாய் அதிகம். இருபத்திரண்டு வருடம் கட்சியில் என்னை வைத்திருந்தது அந்த வாய்தான். வெளியே தள்ளியதும் அதுதான். மகளிர் அணியில் ஏதோ ஒரு துணைப் பொறுப்பு போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பொறுப்புக்கு என்ன வேலை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஆர்ப்பாட்டத்தில் பாடை கட்டினால் ஒப்பாரி வைப்பேன்.

பார்த்தவர்களுக்குத் தெரியும். எதிர்க்கட்சி ஆள் ஒருவரைக் கேவலப்படுத்த வேண்டுமென்றால் வைக்கோலில் பொம்மை செய்து, வேட்டி சட்டை போட்டு, முகத்தில் அவருடைய படத்தை ஒட்டுவார்கள். பச்சை மூங்கிலில் பாடை கட்டி அதில் கிடத்துவார்கள். சங்கு ஊதுவார்கள். நாலு பேர் தூக்கிக்கொண்டு வர, பெண்கள் நாங்கள் முடியை அவிழ்த்துவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்து மாரடிப்போம். வளையலை உடைப்போம், குங்குமத்தை அழிப்போம். கடைசியில் பொம்மையைச் செருப்பால் அடித்துக் கொளுத்தும்போது போலீஸ்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வருவார். தலைவர்கள் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்கள். டிவியில் வருவது நான் அழுகிற இருபது விநாடிதான்.

இதில் அசிங்கம் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? சந்தோஷமாகத்தான் இருந்தது. "யக்கா, நீ பாடினா பொணமே எழுந்து குந்திக்கும்க்கா" என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள். எங்கள் கட்சி நாளிதழில் ஒரு தடவை என் படம் நாலு பத்தி அகலத்துக்கு வந்தது. பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். அந்த நாளிதழைத் தினமும் படித்துப் படித்துத்தான் இப்படி உட்கார்ந்து எழுதும் அளவுக்கு வந்திருக்கிறேன். அந்த நன்றி இன்னமும் உண்டு.

நான் பிறந்தது கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே, கடலோரக் குப்பத்தில். அங்கே சாவு விழுந்தால் பெண்கள் எல்லோரும் பாடுவோம். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. செத்தவருடைய வீட்டு விஷயம் பாட்டில் வர வேண்டும். யார் படகில் போனார், எந்த மகளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார், கடைசியில் என்ன நோவு வந்தது என்று எல்லாம் வர வேண்டும். "ராசாவே, சாமியே" என்று பொதுவாக அழுதால் பக்கத்தில் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருப்பவள் கையை எடுத்துவிடுவாள். பாட ஆரம்பித்தால் போதும், அந்த வீட்டைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் வாய் தானாகத் தேடிப் போகும். அப்படிப் பழகிய வாயைத்தான் நான் மைக் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

கல்யாணமாகித் தாம்பரம் பக்கம் வந்ததிலிருந்து பிழைப்புக்கு மீன் விற்கிறேன். காலையில் மீன் கூடையை வண்டியில் கட்டிக்கொண்டு சிட்லபாக்கம் பக்கம் தெருத்தெருவாகப் போவேன். எங்கள் வார்டு கவுன்சிலர் வீடும் எனக்கு வாடிக்கை வீடுதான். அவர் எங்களுக்கு நேர் எதிர்க் கட்சி. அதனால் என்ன, அவருக்கும் சங்கரா மீன் பிடிக்கும். பேப்பரும் கையுமாக கேட்டுக்கு வந்து நிற்பார். "என்னம்மா, இந்த வாரம் யாருக்குப் பாடை?" என்பார். "உங்களுக்குத்தான் சார், ஆர்டர் வந்துகீது" என்பேன். வயிறு குலுங்கச் சிரிப்பார். தெருவில் விளக்கு எரியவில்லை என்று நான் சொன்னால், எந்தக் கட்சி என்று பார்க்காமல் மறுநாளே ஆள் அனுப்புவார். மழைநீர்க் கால்வாய் விஷயத்தில் மட்டும் இழுத்தடித்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு நாள் அவர் வெளியே வரவில்லை. அவர் மனைவி வந்தார். மீனைப் பார்க்கவேயில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மீன் வேணாம்மா. அவருக்கு வயித்துல கட்டி. கல்லீரல் வரைக்கும் போயிடுச்சு. டாக்டர் கையை விரிச்சிட்டார்."

நான் கூடையை மூடினேன். அந்த அம்மாவே தொடர்ந்தார்.

"அவருக்குத் தெரியாது. அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம். தெரிஞ்சா அன்னிக்கே மனசு விட்டுடுவார். தைரியசாலி மாதிரிதான் பேசுவார், ஊசி போடறதுன்னாகூட என் கையைப் பிடிச்சுக்குவார். நீ யார்கிட்டயும் சொல்லிடாதே."

"என் தொழில் மேல சத்தியம்மா. யாராண்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

ஏன் என்னிடம் சொன்னார் என்று யோசித்திருக்கிறேன். சொந்தக்காரர்களிடம் சொன்னால் அவர்கள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். நான் கேட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவேன். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு அன்று இருந்திருக்கும், நான் எதிரில் நின்றேன்.

அந்த வருடம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தெரு பள்ளம். முட்டிக்கு மேலே தண்ணீர், அதில் சாக்கடை வேறு. வீட்டுக்குள்ளே கட்டிலின் மேல் அடுப்பை வைத்துச் சமைத்தோம். நாலு மாதமாகக் கவுன்சிலர் கண்ணில் படவில்லை. எங்கள் கட்சிக்காரர்கள் அவர் படத்தைப் போட்டு "காணவில்லை" என்று போஸ்டர் ஒட்டினார்கள். ஏன் காணவில்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. சத்தியத்தை ஒழுங்காகக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள்ளே பெருமைகூட இருந்தது.

பிறகு எங்கள் வட்டச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். வட்டம் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மாவட்டச் செயலாளர் என்றால் மாவட்டம்.

"யக்கா, தாம்பரம் மார்க்கெட்டாண்ட ஆர்ப்பாட்டம். மாவட்டமே வர்றாரு. காணோம் காணோம்னு எத்தினி நாளிக்கு ஒட்றது? செத்துட்டாருன்னு வெச்சுக்கினு பாடை கட்டிடலாம். நீதான் அயணும்" என்றார்.

அந்த இடத்தில் நான் "வேணாம்பா, அவரு நெசமாவே ஒடம்புக்கு முடியாம கீறாரு" என்று சொல்லியிருக்கலாம். நோயின் பெயரைச் சொல்லாமலே சொல்லியிருக்கலாம். தலைவலி என்று நானாவது படுத்துக்கொண்டிருக்கலாம். எதையும் செய்யவில்லை. மாவட்டமே வருகிறார், மைக் இருக்கிறது, என் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது. பாட்டுதானே என்று நினைத்தேன். இந்த "தானே"வுக்காக என்னை நானே எத்தனையோ முறை செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆர்ப்பாட்டத்தன்று வெயில் சுள்ளென்று அடித்தது. வடியாத தண்ணீர் நாற்றம். மார்க்கெட்டுக்கு வந்த சனமெல்லாம் நின்றுவிட்டது. பாடையை இறக்கினார்கள். பொம்மையின் முகத்தில் அவர் சிரிக்கிற தேர்தல் படம். நான் முடியை அவிழ்த்துவிட்டு ஆரம்பித்தேன்.

"ஓட்டு வாங்கப் படியேறி
ஒருக்கா வந்த மவராசா
வூட்டுக்குள்ள தண்ணி நிக்கிதே
வந்து பாக்க மாட்டியா"

கூட்டம் கை தட்டியது. கால்வாயைப் பற்றி இன்னும் இரண்டு அடி பாடினேன். மகளிர் அணிப் பெண்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். நிஜச் சாவில் பிடித்துக்கொள்வதுபோலவே பிடித்தார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அது நடிப்பில்லை. பழக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனது. முறைப்படி இப்போது கட்டின பெண்டாட்டி அழுவதாக வர வேண்டும், என்ன நோவில் போனார் என்று சொல்ல வேண்டும். வாய் தேடியது, இருந்ததை எடுத்துக் கொடுத்தது.

"பெரிய ஆசுபத்திரியில
பெட்டு போட்டுப் படுத்தவரே
டாக்டரு கைய விரிச்சாரே
என் தாலிக்கு நாள் குறிச்சாரே"

ஓவென்று இரைச்சல். லாரி மேடையில் உட்கார்ந்திருந்த மாவட்டம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாட்டு முடிந்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். நான் என்ன பாடினேன் என்பது அந்தச் சால்வை தோளில் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், பாட்டு வேகத்தில் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். வழியிலேயே இரண்டு பேர் போனில் என் பாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். புடவையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடைத் தண்ணீரில் அடிமேல் அடி வைத்து வந்தார். திட்டுவார், அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வாசற்படியில் நின்றபடியே பேசினார்.

"யாரோ அவர் போனுக்கு வீடியோ அனுப்பிட்டாங்க. ‘என்னது, டாக்டர் கையை விரிச்சார்னு பாடறா, உனக்கு ஏதாவது தெரியுமா’ன்னு கேட்கறார். வாயில வந்ததைப் பாடுவாங்க, விடுங்கன்னு சொல்லியிருக்கேன். சிரிச்சார். ஆனா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கறார்மா."

நான் காலில் விழப் போனேன். விடவில்லை.

"அதெல்லாம் வேணாம். எனக்கு ஒண்ணு செய். அது பொய்னு உங்க கட்சியில இருந்து சொல்லச் சொல்லு. கற்பனையாப் பாடினது, தப்புன்னு ஒரே ஒரு வரி."

"நானே வந்து சார்கிட்ட சொல்றேம்மா. நான்தான் இட்டுக்கட்டினேன்னு சொல்லிடறேன்."

"நீ வந்து நின்னா உன் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவார். பேப்பர்ல வரணும். நாற்பது வருஷமா பேப்பரைப் படிச்சே வாழ்ந்தவர். உங்க தலைவர் பேர்ல பேப்பர்ல வந்தா நம்புவார். இன்னும் ரெண்டு மாசமோ மூணு மாசமோ, அது வரைக்கும் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்."

அன்றே கட்சி அலுவலகத்துக்குப் போனேன். மாவட்டம் இருந்தார். நியாயமாகச் சொன்னால் அவர் என்னைக் காக்க வைக்கவில்லை. எதிரில் உட்கார வைத்து முழுவதும் கேட்டார். அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றபோது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"அய்யய்யோ. நல்ல மனுஷன்மா அவரு. நானும் அவரும் ஒண்ணா மேடையில சண்டை போட்டவங்க. கண்டிப்பா செஞ்சிடுவோம். இன்னிக்கே அறிக்கை விடறேன்."

"பொய்யின்னு ஒரு வரி போதும்ண்ணே."

அங்கேதான் அவர் முகம் மாறியது. "பொய்னு எப்படிம்மா போடறது? அது பொய்னா, ரோட்டுல தண்ணி நின்னதும் பொய்யான்னு அவனுங்க கேப்பானுங்க. எலெக்‌ஷன் வருது. வருத்தம் தெரிவிப்போம். அதுதான் கௌரவம்."

"வருத்தம் அவங்களுக்கு வேணாண்ணே. பொய்யின்னு வந்தா போதும்ன்றாங்க."

"தெரியும்மா, எனக்கு எழுதத் தெரியாதா? நான் பாத்துக்கறேன், நீ போ."

பார்த்துக்கொள்கிறேன் என்று தலைவர் சொன்னால் அதற்கு மேலே கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. என் புத்தி அப்படி. வெளியே வந்து அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். "பேசிட்டேம்மா. நாளைக்குப் பேப்பர்ல வந்துடும்" என்றேன். "நல்லா இரும்மா" என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்தது. டீக்கடையில் வாங்கிப் படித்தேன். அறிக்கையை இங்கே முழுதாக எழுதப் போவதில்லை, நினைவிருக்கிற வரை இவ்வளவுதான்: "மரணத்தோடு போராடிக்கொண்டிருக்கும் ஒருவரை எள்ளி நகையாடுவது எங்கள் பண்பாடு அன்று. இச்செயலுக்கு எனது ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். கட்சி வேறுபாடு கடந்து அவர் மீண்டுவர இறைவனை வேண்டுகிறேன். அவ்வாறு பாடிய பெண் கழிசடைத்தனமாக நடந்துகொண்டதால் அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார். கட்சியினர் எவரும் அவருடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம்."

இப்போது எழுதும்போது முதல் வரியில் கை நிற்கிறது. அன்று என் கண் போனது கடைசி வரிகளுக்குத்தான். கழிசடை. இருபத்திரண்டு வருடம். சால்வை போர்த்திய அதே கை. டிவிக்காரர்கள் கேட்டதற்கு, தான் வருவதற்கு முன்பே பாட்டு முடிந்துவிட்டது, அந்தப் பெண்ணை முன்பின் பார்த்ததே இல்லை, யாரோ கூலிக்கு மாரடிக்க வந்தவளாக இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேப்பரைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். மீன் வெட்டும் பலகையைக் கத்தியால் கொத்திக்கொண்டே கத்து கத்தென்று கத்தினேன்.

வட்டம் போன் செய்தார். "யக்கா, பேஜார் ஆவாத. சும்மா கண்துடைப்பு. ஆறு மாசத்துல மன்னிப்புக் கடுதாசி ஒண்ணு வாங்கிகினு உள்ள சேத்துக்குவாங்கோ. மாவட்டத்துக்கு இன்னா பேரு தெரியுமா இப்ப? அரசியல் நாகரிகம்னு டிவியில வாதம் பண்ணிகினு கீறானுங்கோ" என்றார். கவுன்சிலருடைய கட்சித் தலைவர்கூட மாவட்டத்துக்கு நன்றி சொல்லியிருந்தாராம். நான் வட்டத்தை வாயில் வந்தபடி திட்டிவிட்டுப் போனை வைத்தேன். அந்த நாலைந்து நாள் முழுவதும் என் மானம், என் பொறுப்பு, என் சால்வை என்று என்னைச் சுற்றியே அலைந்துகொண்டிருந்தேன். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு போன் செய்து கேட்கவில்லை. இரண்டு தடவை அந்தத் தெரு வழியாக மீன் விற்கப் போனபோதும் கேட் சாத்தியிருந்தது. நல்லதாகப் போயிற்று என்று நிற்காமல் வண்டியை ஓட்டிவிட்டேன்.

மூன்று மாதம் என்று கணக்குச் சொன்னார்களே, அவர் மூன்று வாரம்கூட இருக்கவில்லை.

சாவுக்குப் போனேன். போகக் கூடாது என்று என் வீட்டுக்காரர் தடுத்தார், கேட்கவில்லை. அந்த வீட்டில் ஒப்பாரி எல்லாம் கிடையாது. அவரைக் கிடத்தியிருந்த கண்ணாடி ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் மட்டும்தான். பந்தலில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்கள். என்னை அடையாளம் தெரிந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளின் காதில் என்னவோ சொன்னாள். நான் எதிர்வீட்டுச் சுவரோரமாக நின்றேன்.

மாவட்டம் வந்தார். பின்னால் மூன்று கார். செருப்பைக் கழற்றிவிட்டு, மலர்வளையம் வைத்து, இரண்டு நிமிடம் தலைகுனிந்து நின்றார். கேமராக்காரர்கள் நாற்காலியில் ஏறி எடுத்தார்கள். அந்த அம்மா எழுந்து கும்பிட்டார். மாவட்டம் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதார். என்னைத் தாண்டித்தான் காருக்குப் போனார். பார்த்தார், பார்க்காததுபோலப் போனார். "என்ன இருந்தாலும் பெரிய மனுஷன்யா, எதிரி வீட்டுக்கே வந்தான் பாரு" என்று பந்தலில் ஒருவர் சொன்னார்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். கையைக் காட்டிப் பக்கவாட்டில் குழாயடிக்கு வரச் சொன்னார். போனதும் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, என் வாய்தான்மா அவரைக் கொன்னுடுச்சு. என்னை அடிங்கம்மா."

அவர் என்னைத் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். முந்தானையால் துடைத்துக்கொண்டே, மீன் விலை கேட்கிற அதே குரலில் பேசினார்.

"நீ பாடினதை அவர் நம்பலம்மா. ‘ஆர்ப்பாட்டத்துல இதைவிடக் கேவலமா நானே பேசியிருக்கேன்’னு சொன்னார். பொய்னு பேப்பர்ல வரப்போகுதுன்னு நீ சொன்னியே, அந்தச் சந்தோஷத்துல நான் பிரிச்சுக்கூடப் பார்க்காம அவர் கையில கொடுத்தேன். ரெண்டு தடவை படிச்சார். ‘எனக்குப் பாடை கட்டினவன் எனக்காகச் சாமியை வேண்டிக்கிறான். அப்போ இது நிஜம்தான்’னார்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் குழாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

"உனக்கு எத்தனை நாளாத் தெரியும்னு என்னைக் கேட்டார். நாலு மாசமான்னேன். பேப்பரை மடிச்சு வெச்சுட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். அதுக்கப்புறம் ஊசி போடறப்பகூட என் கையைப் பிடிக்கலம்மா."